மூச்சு படும் கண்ணாடி

1

அந்தோணியார் குருசடியைப் பார்த்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கிளாரா வீட்டு ஜன்னலில் ஒரு விரிசலைக் கண்டேன். கதை அங்கிருந்துதான் வந்தது.

‘பெபிஷா வீட்டை விட்டுப் போன அன்று கடல்…’ என்று தொடங்கினேன். கடலுக்கு இதில் வேலையில்லை. அந்த வரியை அடித்தாயிற்று.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணப் பேச்சில் சண்டை. மகள் பெபிஷா கதவை அறைந்து சாத்திவிட்டுப் பஸ் ஏறினாள். அந்த அதிர்வில் ஜன்னல் கண்ணாடியின் மூலையில் ஒரு விரல் நீளம் விரிசல் விட்டது. மூன்று வருஷம் ஆகிறது.

2

கண்ணாடி போடும் ஷிஜின் அளவெடுக்க வந்தான். கிளாரா விரட்டிவிட்டாள்.

“அவ ஒடச்சது. அவ வந்து மாத்தட்டும்.”

மகள் அந்த வீட்டில் கடைசியாகச் செய்த காரியம் அல்லவா? ஆனால் விரிசல், யாரும் தொடாமலே, மாதத்துக்கு ஒரு நெல்மணி நீளம் வளர்ந்தது. மறு ஓரத்தைத் தொட்டால் கண்ணாடி விழுந்துவிடும்.

(‘எங்கள் வீட்டில் அவர் தினமும் மூக்கைக் கண்ணாடியில் வைத்து பஸ் ஸ்டாப்பை…’ கை தவறிவிட்டது. கிளாரா. கிளாரா என்றே இருக்கட்டும்.)

3

பக்கத்து வீட்டு ஜெஃப்ரின், கண்ணாடி எப்படி உடைகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவன். லீவில் வந்தவன் விரிசலைப் பார்த்தான்.

“மாமி, ஒடைக்கது நீங்கதான்.”

“ஏலே, நான் தொடவே இல்ல.”

“மூச்சு விடுதியள்லா? அதுல ஈரம் உண்டு. கண்ணாடில அணுவெல்லாம் கை கோத்துக்கிட்டு நிக்குது. விரிசல் நுனில அந்தக் கை ஏற்கெனவே இழுபட்டுக் கெடக்கு. தண்ணி அங்க நுழைஞ்சா பிடி விட்டுரும். இழுப்பு இல்லாத எடத்துல அதே தண்ணி ஒண்ணும் செய்யாது.”*

“அப்ப நான் பாக்கப்பிடாதா?”

“தள்ளி நின்னு பாருங்க.”

“தள்ளி நின்னா பஸ்ஸு தெரியாதுலே மக்கா.”

(* இந்தப் பகுதி எனக்கே முழுக்கப் புரியவில்லை. அதனால் கை வைக்கவில்லை.)

4

வாசலுக்குப் போய்ப் பார்க்கலாமே என்பீர்கள். போனால் தோற்றதாகிவிடும்.

ஆகவே கிளாரா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஆறரை பஸ் வந்து, ஆள் இறங்கி முடிய நாலு நிமிஷம். கடலுக்குள் முங்கிச் சிப்பி எடுக்கிற பயல்கள் வந்து பாடம் கேட்டுப்போனார்கள். விரிசல் வளர்வது நின்றது.

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண் இறங்கினாள். அதே நடை. கிளாரா மூச்சை விட்டுவிட்டாள். கண்ணாடி பனித்து வெளியை மறைத்தது. துடைக்கக் கை தூக்கினாள். விரிசலுக்கும் மறு ஓரத்துக்கும் நடுவே ஒரு நெல்மணி இடம்தான் பாக்கி.

5

முடிவு ஒன்று: கண்ணாடி விழுகிறது, அந்த வழியே பெபிஷா தெரிகிறாள். முடிவு இரண்டு: வேறு யாரோ. முடிவு மூன்று: ‘கிளாரா கதவைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கி…’

இதற்கு மேல் எழுத வரவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தபடி கண்ணாடி ஜன்னல் இருப்பது ஒரே வீட்டில்தான். அது என் வீடு.