ஸ்பிரிங் வைத்த முன்கால்கள்

என் கணவர் அருந்தவனின் சைக்கிளைப் பொலிஸ் திருப்பித் தந்தபோது அதன் முன்பக்கம் மட்டும் பின்னோக்கி வளைந்திருந்தது. அகலமான இருக்கை, விரிந்த ஹாண்டில், பருத்த ரயர்கள், சொக்கிலேற் நிறம் எல்லாம் அப்படியே இருந்தன. நிமிர்ந்து உட்கார்ந்து ஆறுதலாக ஓடுவதற்கென்றே செய்த குறூசர் சைக்கிள் அது. "உது சைக்கிளோ, கப்பலோ?" என்று கூட்டாளிகள் கேட்பார்கள். "கப்பல்தான். நீங்கள் அகதியாய் ஏறி வந்த கப்பலைவிடத் திறம்" என்பார் அவர்.

மழைத்தண்ணீர் மூடிக் கிடந்த பள்ளம் ஒன்றில் முன்சில்லு விழுந்தது. அவர் ஹாண்டிலுக்கு மேலால் போய் விழுந்தார். மல்கிரேவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். தலைக்கவசம் போட்டிருந்தார். கழுத்துக்கு அது உதவவில்லை.

பதினான்கு மாதம் சைக்கிள் கராஜில் சுவர் பார்த்து நின்றது. பிறகு எங்கள் மகள் வினுஷா அதைக் கேட்டாள். கிளென் வேவர்லியில் முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது.

"சண்டே ஷிஃப்ட் ஏழு மணிக்குத் தொடங்குது, அம்மா. அந்த நேரம் பஸ் இல்லை. அப்பான்ர பைக்கைத் திருத்தித் தாங்கோ."

"நான் காரில கொண்டுபோய் விடுறன்."

"எவ்வளவு நாளைக்கு? ஐ'ம் ட்வென்ரி."

"அப்ப லைசென்ஸை எடன்."

"உங்களோட பழகி எப்பிடி எடுக்கிறது? நான் பிறேக்கில கால் வைக்க முதல் நீங்கள் கத்துறீங்கள்."

அது உண்மை. அவர் போன பிறகு அவளை நான் எங்கும் தனியாக விடவில்லை. மறுக்க எனக்கு நியாயம் இருந்தது. நெஞ்சில் பலம் இல்லை. ஒரு நிபந்தனை வைத்தேன். வளைந்த முன்கால்களுக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்தவை போட வேண்டும். முன்சில்லை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் அந்தக் கால்களைக் கடையில் ஃபோர்க் என்றார்கள்.

வளைந்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். நகங்களில் கிறீஸ் படிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அதை மேசையில் வைத்து, மேலே ஹாண்டிலுக்குள் ஏறும் குழாயின் தடிப்பையும் நீளத்தையும் அளந்தாள். சில்லு என்ன அளவு, ரயர் எவ்வளவு அகலம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு ஃபோர்க்குகளை எடுத்து வைத்தாள். ஒன்று ஐந்து சென்ரிமீற்றர் அமுங்கும். மற்றது பத்து.

"இந்தச் சைக்கிளுக்குச் சின்னதே போதும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "பெரியதைப் போட்டால் முன்பக்கம் உயர்ந்துவிடும். திருப்பும்போது சொன்னபடி கேட்காது."

இரண்டையும் கையால் அமுக்கிப் பார்த்தேன். சின்னது சட்டென்று நின்றுவிட்டது. பெரியது இறங்கிக்கொண்டே போனது. என் கைக்குக் கீழே அந்தப் பள்ளம்தான் தெரிந்தது.

"எவ்வளவு ஆழமான பள்ளத்தை இது தாங்கும்?"

அவள் வளைந்த ஃபோர்க்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இதை வளைத்த பள்ளத்தை எதுவுமே தாங்காது" என்றாள் மெதுவாக.

நான் பெரியதை வாங்கினேன்.

சில்லுக்கு மேலே சேறு தடுக்கிற தகடான மட்காட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாங்கள் ஓடிப் பழகிய சைக்கிள் எதுவும் மட்காட் இல்லாமல் இருந்ததில்லை. சைக்கிளுக்குச் சில்லு இருக்கிறது என்று யாராவது கடையில் போய்ச் சொல்வார்களா?

அருந்தவனுக்குத் தம்பி முறையான பிரஷாந்தன்தான் வந்து ஃபோர்க்கைச் சைக்கிளில் பொருத்திப் பூட்டித் தந்தான். "மட்காட் வேணுமோ, அண்ணி? இஞ்ச ஒருத்தரும் போடுறேல்லை."

"மட்காட் இல்லாமல் அது என்ன சைக்கிள்? வேலைக்குப் போற பிள்ளை முகமெல்லாம் சேறாய்ப் போய் நிக்கிறதே?"

"எனக்கு வேண்டாம், சித்தப்பா" என்றாள் வினுஷா. "இட்ஸ் அக்லி."

நான் விடவில்லை. பிரஷாந்தன் பழைய மட்காட்டை எடுத்து, முன்பு இருந்ததைப் போலவே ஃபோர்க்கின் உச்சியில் திருகாணி போட்டு இறுக்கினான். ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரல் விட்டுப் பார்த்தான். இரண்டு விரல் போனது. "காணும், இவ்வளவு இடம் போதும்" என்றான். அப்போது சைக்கிளில் ஒருவரும் ஏறி இருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளை வெளியே எடுத்தோம். பக்கத்து வீட்டு கிரிஜா, திருச்சிக்காரி, கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.

"புது வண்டி இல்லைன்னாலும் புதுசா ஓட்டப்போற வண்டிதானே? இதை நசுக்காம ரோட்ல எறக்கக் கூடாது."

காருக்கும் வானுக்கும் நாங்களும் தேசிக்காய் வைப்போம். சைக்கிளுக்கு வைத்து நான் கண்டதில்லை. ஆனால் யார் எதைச் செய்யச் சொன்னாலும் செய்கிற பயத்தில் இருந்தேன்.

"முன்சில்லுக்கு மட்டும் வைச்சால் பின்சில்லு கோவிக்காதோ?" என்றான் பிரஷாந்தன்.

"நீங்க போய் அதைச் சமாதானம் பண்ணுங்க" என்றாள் கிரிஜா.

வீட்டு வாசல் சரிவு தெருவைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன இறக்கம் இருக்கிறது. அங்கே பழத்தை வைத்தாள். வினுஷா மெல்ல உருண்டு வந்தாள். பழம் நசுங்கியது, சில்லு இறக்கத்தில் விழுந்தது, முன்பக்கம் அமுங்கியது. "றக்" என்றொரு சத்தம். சில்லு அப்படியே நின்றது. பின்பக்கம் ஒரு முழம் மேலே எழும்பியது. வினுஷா இருக்கையை விட்டு முன்னால் வழுக்கி, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

"பழம் மாட்டிக்கிச்சு!" கிரிஜா கை தட்டினாள். "திருஷ்டி எல்லாம் போச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள், வினுஷாவும்தான். நான் குனிந்து பார்த்தேன். பழம் தெருவில் கிடந்தது. மட்காட்டின் உட்புறத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு. ரயர் உரஞ்சிய கோடு.

"பிரஷாந்தன், ஏறி இரும்."

அவன் ஏறினான். இரண்டு விரல் போன இடத்தில் என் நகம்கூடச் சரியாகப் போகவில்லை.

"ஒருக்கால் எழும்பி இரும்."

எழும்பி இருந்தான். ரயர் மேலே வந்து தகரத்தில் இடித்தது. அவன் இறங்கி நின்றான். "நான்தானே பூட்டினனான், அண்ணி."

"பூட்டச் சொன்னது நான்."

நான் அங்கேயே புல்லில் இருந்துவிட்டேன். நடக்கிற வேகத்தில் வந்தபடியால் பிள்ளை நிற்கிறாள். நாளைக் காலை இறக்கத்தில் வேகமாகப் போயிருப்பாள். அவளுடைய தகப்பனை விழுத்த ஆழமான பள்ளம் ஒன்று தேவைப்பட்டது. இவளை விழுத்த எந்தச் சின்னக் குழியும் போதும் என்று நானே செய்து வைத்திருந்தேன்.

"இந்தச் சைக்கிள் வேண்டாம்" என்றேன்.

"அப்பா பள்ளத்திலதான் விழுந்தவர்" என்றாள் வினுஷா. சிரிப்பு போயிருந்தது. "என்னை நீங்கள்தான்..."

அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் அவளைக் காரில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டேன். திங்கட்கிழமை நானே கடைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மட்காட் போடுவதென்றால் சில்லோடு சேர்ந்து ஏறி இறங்குகிற கீழ்ப்பகுதியில் பூட்ட வேண்டும், மேலே பூட்டினால் சில்லு வந்து மோதத்தான் செய்யும் என்றாள். பெரிய ஃபோர்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு சின்னதைத் தந்தாள். ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் பட்டியையும் தந்தாள். "இதை ஃபோர்க்கின் காலில் கட்டுங்கள். எவ்வளவு அமுங்கியது என்று காட்டும். வீட்டில் பாரம் கூடிய ஆளை ஏற்றிப் பாருங்கள்."

பிரஷாந்தன் மறுபடி வந்து பூட்டினான். மட்காட் போடவில்லை. வினுஷா கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சைக்கிளில் ஏறினேன்.

"அம்மா, யூ? சீரியஸ்லி?"

"இந்த வீட்டில நான்தான் பாரம் கூட."

இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் சைக்கிளில் ஏறியதே இல்லை. முதல் முறை கண்ணை மூடிக்கொண்டுதான் அந்த இறக்கத்தில் சைக்கிளை விட்டேன். சில்லு நிற்கவில்லை. இறங்கிப் பட்டியைப் பார்த்தேன். பாதிக்கு ஏறியிருந்தது. திரும்ப உருட்டிக்கொண்டு போய், இன்னும் வேகமாக வந்தேன். பிறகு வேண்டுமென்றே முன்னால் சாய்ந்து, முழுப் பாரத்தையும் ஹாண்டிலில் போட்டு வந்தேன்.

"காணும், அண்ணி" என்றான் பிரஷாந்தன். "ஃபோர்க் உடையாது. நீங்கள்தான் உடைவீங்கள்."

ஏழாவது முறை பட்டி உச்சிக்குப் போயிருந்தது. இனி அமுங்க இடமில்லை. அப்படியும் ரயர் எதிலும் படவில்லை. எந்தக் கோடும் இல்லை.

இறங்கினேன். வினுஷா தலைக்கவசத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, கையை எடுங்கோ."

"எடுக்கிறன்."

கை ஹாண்டிலை விடவில்லை. அவள் அவசரப்படவில்லை. வேலையில் அந்த முதியவர்களுக்குச் செய்வதைப் போல, ஒவ்வொரு விரலாக எடுத்து விட்டாள்.

"தண்ணி நிக்கிற இடத்தில இறங்கி உருட்டுவன்" என்றாள். "ப்ராமிஸ்."

ஏறிப் போனாள். வளைவில் திரும்பும்வரை நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு முன்னால் கிடந்த தெருவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.