தவறிப்போனான் என்ற சொல்

கை நழுவுகிறது, ரங்கூன் துறைமுகத்தில் சனம் முட்டிமோத, தாயின் கையிலிருந்து செல்லப்பனின் கை நழுவுகிறது, அந்த வரிக்கு வந்ததும் வதனி விரலை வைத்து அடுத்த சொல்லை முன்கூட்டியே தேடினாள், சும்மா ஒரு கதைப்புத்தகம்தானே, பர்மாவில் குண்டு விழ ஒரு குடும்பம் திக்குத் திக்காகப் பிரிந்த கதை, அடம்பன் ஊரில் பதினாலு வயதில் அட்டை கழன்றுபோகும் வரைக்கும் வாசித்தது, முப்பத்தைந்து வருசம் கழித்து ஸ்காபரோ நூலகத்தில் அகப்பட்டதற்குச் சந்தோசப்படாமல் இப்படித் தயங்குகிறாளே, கேட்டது கட்டிலில் கிடக்கிற அம்மா, எனக்குக் கண் தெரியேல்லைப் பிள்ளை, நீ வாசி, ஒண்டும் விடாமல் வாசி என்று. ஒண்டும் விடாமல் என்றாவே, அதுதான் பயம்.

கூட்டத்தில் செல்லப்பன் தவறிப்போனான் என்று வாசித்தாள், அப்பாடா, அந்தச் சொல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இதே வரியில்தான் ஒன்பது வயதுத் தம்பி குகன் அவள் மடியில் காலைப் போட்டுக்கொண்டு பேந்து, பேந்து, பிறகு என்ன என்று அரிப்பான், கிடைச்சிடுவானோ அக்கா, கிடைச்சிடுவானடா, கல்கத்தாவிலை கிடைச்சிடுவான், பொறு, அவன் பொறுக்கமாட்டான், அவனுக்கு எல்லாம் உடனே வேண்டும், இந்தியாவுக்குத் தப்பிப் போக நின்ற பேசாலைக் கரையிலும் அப்படித்தான், படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம் என்றதும் நான் ஏறுறன் என்று துள்ளி ஏறினான், நாங்கள் அடுத்த படகில் வருவோம் என்று அம்மா அவன் தலையைத் தடவுகிறா, அடுத்த படகு வெளிக்கிடவே இல்லை, ஒரு மாதத்தில் கடிதம் வந்தது, இராமேஸ்வரம் பக்கத்தில் யாரோ ஒரு பெண் எழுதியது, மூன்றே வரி, படகுக்காரன் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான், உங்கள் பையன் தவறிவிட்டான், அவன் பையில் இந்த விலாசம் இருந்தது.

அப்பா வாசித்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டார், ஐயரிடம் போய், செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக்கு நாளும் கேட்டுவந்துவிட்டார், அப்போதுதான் வதனி அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்று கத்தினாள், எழுதினது இந்தியாக்காரி அப்பா, அவையின்ரை தமிழிலை தவறுறது எண்டால் துலையுறது, இஞ்சை பாருங்கோ, செல்லப்பன் தவறிப்போனான் எண்டு போட்டிருக்கு, அவன் பிறகு வந்தவன்தானே, உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு அந்தியேட்டி செய்யப் போறியளோ. அப்பா அம்மாவைப் பார்த்தார், சரி, இப்ப வேண்டாம் என்றார், வென்றுவிட்டாள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அம்மாவை உயிரோடு வைத்திருப்பது நான்தான் என்று அன்றிலிருந்து ஒரு நினைப்பு, முகாம் முகாமாகக் கடிதம் போட்டாள், செஞ்சிலுவைக்குப் படம் அனுப்பினாள், இங்கே கலியாண மண்டபங்களில்கூட நாற்பது கடந்த ஆம்பிளைகளின் இடது புருவத்தைப் பார்ப்பாள், அதில் குகனுடைய தழும்பு இருக்கிறதா என்று, வெட்கமில்லாமல், அவர்கள் சங்கடப்பட்டு விலகும் வரைக்கும்.

இப்போது நாகா மலை வந்துவிட்டது, மழை, அட்டை, செல்லப்பனின் கைக்குழந்தைத் தங்கச்சிக்குக் காய்ச்சல், அடுத்த பக்கம் என்ன என்று வதனிக்குத் தெரியும், தெரியாதது போல் இவ்வளவு காலம் இருந்தாள், குகன் அழுவான் என்று அவனுக்கு அந்தப் பக்கத்தை ஒருநாளும் வாசித்ததில்லை, பிறகு தனக்கும் வாசிக்கவில்லை, மழை விட்ட காலையில் குழந்தை தவறினாள், மூங்கில் வெட்டிய கத்தியாலேயே குழி தோண்டினார்கள், அதே புத்தகம், அதே ஆள் எழுதியது, அதே சொல். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, குரல் மாறாமல், ஆற்றங்கரையிலிருந்து வாசித்தாள்.

நில்லு பிள்ளை, ஒரு தாளை விட்டிட்டாய். இல்லையே அம்மா. குழந்தையைத் தாட்ட இடம், மூங்கில் கத்தி, அதை ஏன் விட்டனி. உங்களுக்கு எப்பிடித் தெரியும். உனக்கு முதல் நான் வாசிச்ச புத்தகமடி அது, என்றா அம்மா, அண்டைக்குக் கடிதத்தைப் பாத்த உடனையே எனக்கும் அப்பாவுக்கும் விளங்கினதுதான், நீ முற்றத்திலை நிண்ட நிலையைப் பாத்திட்டு அந்த மனுசன் சொன்னது, ஒரு பிள்ளை போட்டுது, மற்றதையும் பறிகுடுக்க ஏலாது, நம்பிக்கொண்டு இருக்கட்டும், காரியத்தைப் பிறகு பாப்பம் எண்டு. அந்தப் பிறகு வராமலே அப்பா போய்விட்டார், மகனுக்கு ஒரு கை எள்ளுந் தண்ணியும் விடாமல், ஐயோ, நானல்லவா மறித்தேன், வதனிக்கு ஆத்திரமும் வெட்கமும் ஒன்றாக வந்தது, ஏனம்மா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை என்று கத்தியேவிட்டாள். நீ வருசா வருசம் அவன்ரை வயசைச் சொல்லுவாய், இப்ப அவனுக்கு முப்பது, இப்ப அவனுக்கு நாப்பது எண்டு, நான் எந்த வாயாலை சொல்லுறது, எனக்கு இனி நாளில்லை, கோயிலுக்குப் போன் அடிச்சுக் கேள், நான் இருக்கேக்கையே காரியத்தைச் செய்துபோடுவம்.

வதனி கோயிலுக்கு அடித்தாள், ஐயர் ஆறுதலாகத்தான் கேட்டார், ஆரம்மா, தம்பியோ, பேர் என்ன, நட்சத்திரம் என்ன, எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது, எப்ப மோசம் போனவர், இறந்த திதி பாக்கவேணும் என்றபோது கைப்பேசியைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள், எண்டைக்கெண்டு கேக்கிறார் அம்மா.

அம்மா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்தா. இண்டைக்கெண்டு சொல்லு பிள்ளை.