குச்சிமேல் நின்ற முட்டை

1

இந்தக் கதை ஒரு கோழிமுட்டையிலிருந்து பிறந்தது. சிரிக்காதீர்கள். நீங்கள் நெஞ்சில் கைவைத்துப் படித்த எத்தனையோ கதைகள் இதைவிட மட்டமான இடத்தில் பிறந்தவை.

குவாங் திரியில் சுற்றுலாப் பேருந்தில் மைக் பிடிப்பது என் பிழைப்பு. ஒரே நாளில் பாலம், சுரங்கம், இடிந்த கோட்டை, போர்க் கல்லறை, மதியச் சாப்பாடு உட்பட. பென் ஹாய் ஆற்றுப் பாலத்தில் வடக்குப் பாதி நீலம், தெற்குப் பாதி மஞ்சள். ஒரு காலத்தில் நாட்டை வடக்கு, தெற்கு என்று பிரித்த எல்லைக்கோடு அதுதான்; தாண்டினால் சுடுவார்கள். இப்போது ஆளுக்கொரு காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாடு இரண்டாய்க் கிடந்ததே இவர்கள் கால் அகட்டி நிற்கத்தான் என்று நினைப்பு!

ஒரு பயண இதழ்க்காரன் போன் செய்தான்.

"அண்ணே, கல்லறையை வெச்சு ஒரு கதை குடுங்க. கண்ணு கலங்கணும். கடைசியில எல்லாரும் ஒண்ணாயிடணும். பழசை ரொம்பக் கிளறாதீங்க."

"கல்லறையை வெச்சுக் கதை, ஆனா கிளறக் கூடாது?"

"அதான் அண்ணே உங்க திறமை."

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்தது, வானமே அந்த வீரர்களுக்காக அழுவதைப் போல— (அடித்துவிட்டேன். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். லாவோஸ் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: பெயரில்லாத கல்லறைகள் நம்மிடம் கேட்கும் கேள்வி என்னவென்றால்— (கல்லறை எதையும் கேட்காது. கேட்பதெல்லாம் என்னைப் போன்ற மைக் ஆசாமிகள்தான்.)

மூன்றாவது: கல்லறை வாசலில் துவோக் அக்கா கடை வைத்திருந்தாள். போனால் போகட்டும், இது இருக்கட்டும்.

3

அந்தக் கடையில் ஊதுபத்தி, பச்சைத் தேநீர், இறால் கொழுக்கட்டை, அப்புறம் முட்டையும் குச்சியும். முட்டை எதற்கு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். போரில் செத்த பிள்ளையின் எலும்பு எந்தக் கல்லுக்கடியில் கிடக்கிறது என்று தெரியாதவர்கள் குறிசொல்கிறவரைப் பார்ப்பார்கள். அவர் ஒரு வரிசையைச் சொல்வார். அங்கே போய்ச் சாப்பாட்டுக் குச்சியை மண்ணில் நட்டு, அதன் தலையில் முட்டையை வைக்க வேண்டும். முட்டை நின்றால் அது உங்கள் பிள்ளை. தோண்டி, கழுவி, பெட்டியில் வைத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகலாம்.

(எழுதி முடித்துப் படித்தால் பைத்தியக்காரத்தனமாய்த்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை திரும்பி வராமல் போயிருந்தால் நீங்கள் முட்டை பொறுக்க முதல் ஆளாய் நிற்பீர்கள்.)

துவோக் அக்காவைப் பற்றி எனக்கே சந்தேகம். முதல் பிரதியில் அவளை அமைதியான, கண்களில் ஆழம் கொண்ட பெண்ணாக எழுதினேன். சுத்தப் பொய். நாக்கு அவளுக்குக் கறிவெட்டும் கத்தி. என் பேருந்து வந்து நின்றதுமே, "வந்துட்டான்யா ஒப்பாரி வியாபாரி!" என்று கத்துவாள்.

ஆனால் சாயங்காலம் கடை கட்டிய பின் ஒரே ஒரு பெயரில்லாக் கல்லுக்குப் போய் ஊதுபத்தி ஏற்றுவாள். அவள் அண்ணன் காங், எழுபத்திரண்டாம் வருஷம் கோட்டைச் சண்டையில் போனவன். மஞ்சள் பக்கத்துச் சிப்பாய். தோற்ற படை. தோற்றவனுக்குக் கல்லும் கிடையாது, மாலையும் கிடையாது. இதுவோ நீலப் பக்கத்தாருக்கான கல்லறை. சண்டை ஓய்ந்தபின் மணலில் கிடந்த எலும்பையெல்லாம் ஊரார் பொறுக்கிக் கட்டினார்களே, எலும்பில் நிறமா எழுதியிருக்கும்? அவன் இங்கேதான் இருக்கிறான் என்று அவள் நம்பினாள். முட்டை நின்றது என்றாள். இதைக் கல்லறைக் காவல்காரர் லுவானிடம் அவள் மூச்சுவிட்டதில்லை. சொன்னால் ஊதுபத்திக்கும் வழியில்லாமல் போய்விடும்.

4

வடக்கே நாம் தின் என்ற ஊரிலிருந்து வந்த வண்டியில் மியென் என்ற அம்மா வந்து இறங்கினார். கையில் எலும்பு வைக்கச் சிவப்புத் துணி சுற்றிய மண்பெட்டி. அவருடைய அண்ணன் ஞாம், நீலப் பக்கத்துச் சிப்பாய். குறிகாரர் சொன்ன வரிசைக்குப் போனார். துவோக் அக்கா கடையில் வாங்கிய குச்சி, அவள் கடையில் வாங்கிய முட்டை. நட்டார். வைத்தார்.

நின்றது. துவோக் அக்கா தன் அண்ணனுடையது என்று ஊதுபத்தி ஏற்றும் அதே கல்லடியில்.

மியென் அம்மா மண்ணில் விழுந்து கதறினார். என் பேருந்துக் கூட்டம் கேமராவைத் தூக்கியது. லுவான் மண்வெட்டியோடு வந்தார்.

"வேற யாரும் உரிமை கேக்கலேன்னா தோண்டிரலாம். ஆட்சேபம் இருக்கா?"

"இருக்கு," என்றாள் துவோக் அக்கா. "அது என் அண்ணன்."

மியென் அம்மா நிமிர்ந்தார். "உன் அண்ணனா? எந்தப் படை?"

துவோக் அக்கா நேராகக் குச்சியிடம் போனாள். குச்சியைப் பிடுங்கினாள். பக்கத்துக் கல்லடியில் நட்டாள், முட்டையை வைத்தாள். நின்றது. அடுத்த கல். நின்றது. அதற்கடுத்தது. அங்கேயும் நின்றது.

"எல்லாரும் உங்க அண்ணன்தானா அக்கா? குச்சித் தலைய நான் குழியாச் சீவி வெச்சிருக்கேன். நிக்காத முட்டைய எவன் வாங்குவான்? பெட்டிய எடுத்துட்டு ஊர் போய்ச் சேருங்க!" என்று மியென் அம்மாவிடம் கத்தினாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

மியென் அம்மா கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. குச்சித் தலையை விரலால் தடவிப் பார்த்தார். மெதுவாய்க் கேட்டார்: "அப்போ உன் அண்ணனுக்கு நின்ன முட்டை?"

துவோக் அக்கா குச்சியைப் பார்த்தே பேசினாள். அந்த நாக்கு அப்படித் தடுமாறி நான் கேட்டதே இல்லை.

"எத்தனை கல்லுல வெச்சேன் தெரியுமாக்கா... எதுலயும் நிக்கல. உருண்டு உருண்டு உடைஞ்சுது. ஒருநாள் வெறுத்துப்போய்... அந்தக் குச்சியத்தான் முதல்ல சீவினேன்."

பிறகு, அந்தப் படைக் கேள்விக்கு மறுபடி யாரும் கேட்காமலே சொன்னாள்: "மஞ்சள் பக்கம்."

லுவான் அதைக் கேட்டுவிட்டார். மண்வெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை.

5

முடிவு அ: இரண்டு பெண்களும் கட்டித் தழுவுகிறார்கள். பின்னால் கொடி பறக்கிறது. (இதழ்க்காரனுக்கு. அவனே எழுதிக்கொள்ளட்டும்.)

முடிவு ஆ: எலும்பைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். இருவருக்கும் சொந்தமில்லை, யாரோ மூன்றாம் மனிதன். (கெட்டிக்காரத்தனம். கெட்டிக்காரத்தனத்தைக் கண்டாலே எனக்குக் குமட்டும்.)

முடிவு இ: லுவான் அவளை வாசலோடு விரட்டுகிறார், மியென் அம்மா வெறும் பெட்டியோடு— (வெறும் பெட்டி வீடு திரும்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

6

நடந்தது இதுதான். மியென் அம்மா முட்டையை எடுத்தார், குச்சியை எடுத்தார், நேராக என்னிடம் வந்தார்.

"கைடு தம்பி, காலையிலேர்ந்து ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை சொன்னியே. இதுக்கும் சொல்லு. இவன் யாரு?"

"அம்மா, நான் எப்படி..."

"அவனுக்குத்தான் வாய் இருக்கே, சொல்லுவான்," என்றாள் துவோக் அக்கா. முதல்முறையாக அதில் கிண்டல் இல்லை. கண்ணில் தண்ணீரோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'காங்' என்று சொன்னால் அவளுக்கு அண்ணன் உண்டு. 'ஞாம்' என்றால் அந்தப் பெட்டி நிறையும். பேருந்தில் டிரைவர் ஹார்ன் அடித்தான், அடுத்தது பாலம்.

இத்தனை வருஷம் மைக் பிடித்தவன் வாயில் ஒரு பெயர் வரவில்லை. இந்தக் கதையை நான் எழுதுவதே அந்தப் பதிலைத் தள்ளிப்போடத்தான்.

போதும். வெயிலில் காலைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டீர்கள், கொழுக்கட்டை சாப்பிட்டீர்கள், கடைசிப் பக்கம்வரை வந்து கண்ணும் கலங்கக் காத்திருக்கிறீர்கள். சும்மா போகலாம் என்று பார்த்தீர்களா? இந்தாருங்கள் குச்சி, இந்தாருங்கள் முட்டை. இரண்டு பெண்களும் உங்களையே பார்க்கிறார்கள். எந்தக் கல்லடியில் வேண்டுமானாலும் வையுங்கள்.

நிற்கும்.