உள்வலை

வலைச் சோதனைக்கு வந்த அதிகாரியைப் பார்த்ததும் படகுக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வந்தவர் அவருடைய தங்கை கணவர்.

"வாங்க மாப்பிள்ளை! சட்டுனு கையெழுத்தப் போட்டுட்டு டீ சாப்பிடப் போவோம்."

அந்தத் துறைமுகத்துப் படகுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ்; ஒரு படகு தவறு செய்தாலும் எல்லோருக்கும் அது போய்விடலாம். 'கடலைக் கெடுக்காமல் பிடித்த மீன்' என்ற முத்திரை பெட்டியில் இருந்தால் வெளியூர்க் கடைகள் போட்டி போட்டு வாங்கும். குஞ்சு மீன் தப்பிப் போகும் அளவுக்கு வலைக்கண் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதற்கு முதல் நிபந்தனை.

அதிகாரி அளவுத் தகட்டை வலைக்கண்ணில் நுழைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மீன் வந்து சேரும் வலையின் வால்பகுதிக்குள் கையை விட்டவர் அப்படியே நின்றார். உள்ளே கொசுவலை போல இன்னொரு வலை தைத்திருந்தது. அதில் விரல் நீளக் குஞ்சுகள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன.

"என்ன மச்சான் இது?"

"கண்டுக்காதீங்க மாப்பிள்ளை. நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்."

"என்னால முடியாதுங்க மச்சான். சாயங்காலம் அறிக்கை போயிடும்."

படகுக்காரர் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். மீனைப் பெட்டியில் அடைக்கும் கூடத்து வேலைக்கு அவள் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா. உன் கல்யாணத்த முன்ன நின்னு நடத்தினவன் நான்."

அவள் கண் கலங்கியது. "அத மறப்பனாண்ணே? ஆனா பெட்டியில முத்திரைய ஒட்டுறது என் கைதான். அத நம்பித்தான் முகம் தெரியாதவங்க வாங்குறாங்க. அவங்கள ஏமாத்தச் சொல்லாத."

"நீயும் என்னை விட்டுக் குடுத்துட்டல்ல?" என்று வெடுக்கென்று கிளம்பிவிட்டார்.

துறைமுகத்தில் பக்கத்துப் படகுக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். "பெரிய கண்ணு வலை போட்டதுலேருந்து எனக்குப் பாதிப் பெட்டிதான் நிறையுது. இருந்தாலும் குஞ்சுங்க வளரட்டும்னு பொறுத்துக்கிட்டு இருக்கேன். உனக்கு மட்டும் எப்பவும் நிறையுதே! ராசியான கைய்யா உனக்கு."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் படகுக்காரரைச் சுட்டது. இவர்கள் கடலில் விட்டு வைத்த குஞ்சுகளையெல்லாம் தான்தான் வழித்துக்கொண்டு வந்திருக்கிறோம்!

கத்தியை எடுத்து, எல்லோரும் பார்க்கவே உள்வலையின் தையலைப் பிரித்தார். விஷயம் புரிந்த பக்கத்துப் படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொன்னபடியே அதிகாரியின் அறிக்கை போனது; அந்தப் பருவம் முழுக்க உள்வலை வைத்தவர் படகுக்கு மட்டும் முத்திரை கிடையாது. உள்வலையை அவரே எல்லோர் முன்னும் பிரித்துவிட்டதால் மற்றவர்களின் சான்றிதழ் தப்பியது.

"எங்க கண்ணுல மண்ணத் தூவிட்டியேய்யா," என்றார்கள் மற்ற படகுக்காரர்கள், துறைமுகக் கூட்டத்தில்.

படகுக்காரர் எழுந்தார். "அதிகாரி கண்ண மறைச்சிடலாம், உங்க கண்ணயும் மறைச்சிடலாம். ஆனா கடல்ல மீன் இல்லாமப் போறத யாராலயும் மறைக்க முடியாது. குஞ்ச விட்டு வைக்கிறவனுக்குத்தான் நாளைக்குக் கடல்ல வேலை இருக்கு."