வரப்பில் எழுந்தருளியவள்

வைஜெயந்தி செங்கல்லுக்கு மஞ்சள் பூசினாள். குங்குமம் இட்டாள், மஞ்சள் துணியைச் சுற்றினாள், உப்பள வரப்பின் தலைப்பில், வண்டிகள் ஏறி வரும் இடம் பார்த்து அதை நட்டாள், பக்கத்தில் ஒரு வேப்பங்கொத்தையும் செருகினாள். பதிகம் ஒன்று பாடாமல் தன் மருந்துக்கடையின் கதவைத் திறவாதவள் அவள். அன்று மட்டும் பாட்டு ஏனோ நாவுக்கு வரவில்லை.

முஜீப் ரஹ்மான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். துபாயில் கிரேன் ஓட்டிவிட்டுக் கோட்டக்குப்பத்துக்குத் திரும்பியவன். கழுவேலிச் சதுப்புநிலத்தின் பறவைகளைக் காக்க ஒரு சிறு குழுவைத் தொடங்கியவன். அக்குழுவுக்கு மாதந்தோறும் தன்னால் இயன்றதைக் கொடுத்து வந்த வைஜெயந்தி, இந்தக் கோடையில்தான் உடன் நடக்கவும் தொடங்கியிருந்தாள்.

"அக்கா, இது சரியா வருமா?"

"இனிமே வண்டி ஏறாது தம்பி. மஞ்சளைப் பாத்துட்டு எவனும் தாண்ட மாட்டான். எங்க ஆளுங்கள எனக்குத் தெரியாதா?"

"உங்க ஆளுங்க என்னை ஒதைக்காம வுட்டா சரி."

இருவரும் சிரித்தார்கள்.

குத்தகைக்காரர் கைவிட்ட உப்பளம் அது. நீர் பாய்ச்சாத பாத்திகள் வெடித்துக் கிடந்தன. கிழக்கு வரப்பு நெடுகிலும் உப்புக்கொத்திகள் முட்டையிட்டிருந்தன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பறவை அது. கூடு என்று அது கட்டுவதும் இல்லை. மண்ணில் ஒரு சிறு குழி, ஓரத்தில் சில சிப்பித் துண்டுகள், நடுவே வரப்பு மண்ணின் நிறத்திலேயே முட்டைகள். கண்ணுக்குத் தெரியாதிருப்பது ஒன்றே அவற்றுக்கு அரண். அந்த அரணே கேடாயிற்று. கடற்கரைக்குக் குறுக்கு வழி கண்ட இளைஞர்களின் வண்டிச் சக்கரத்துக்கும் அவை தெரியவில்லை.

குழுவினர் முதலில் அறிவிப்புப் பலகை நட்டார்கள். அது யாருடைய ஆட்டுக்கொட்டகைக்கோ கதவாயிற்று. வலை கட்டினார்கள், வலை மீன் பிடிக்கப் போயிற்று. வனத்துறை அலுவலகத்தில் முறையிட்டால், இந்த உப்பளம் கழுவேலிச் சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே என்று கைவிரித்தார்கள். அதன் பிறகே வைஜெயந்திக்குச் செங்கல் நினைவுக்கு வந்தது. ஆடி பிறந்து சில நாள் வரை பொறுத்தால் போதும் என்றான் முஜீப். குஞ்சு பொரித்த அன்றே ஓடிவிடும். பிறகு யார் வந்தால் என்ன?

அவள் சொன்னது பொய்க்கவில்லை. வண்டிகள் வரப்பின் தலைப்பு வரை வந்து, தயங்கி, சுற்றிக்கொண்டு போயின. ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டதையும் முஜீப் பார்த்தான். "செம ஐடியாக்கா," என்று கைப்பேசியில் படம் அனுப்பினான். அடைகாக்கும் பறவையின் கருமணிக் கண் அதில் தெளிவாகத் தெரிந்தது.

மறு வாரம் செங்கல்லின் முன் கற்பூரம் எரிந்த கரி இருந்தது. அடுத்து எலுமிச்சை மாலை வந்தது. பிறகு ஒரு சூலம். பக்கத்துக் குப்பத்து வசந்தா, காய்ச்சலில் கிடந்த தன் மகள் பூஜாவுக்காக அங்கே வேண்டிக்கொண்டாள்; காய்ச்சல் இறங்கியது. அந்தக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவள் வைஜெயந்திதான். ஆனால் உப்பளத்தம்மன் என்ற பெயர் அதற்குள் குப்பம் முழுவதும் பரவியிருந்தது.

ஆடி முதல் ஞாயிறன்று காலையில் முஜீப்பின் அழைப்பு வந்தது.

"அக்கா, பந்தல் போட்டிருக்காங்க. கூழ் ஊத்தப் போறாங்களாம். ஒரே கூட்டம். முட்டை எதுவும் இன்னும் பொரிக்கலக்கா."

"நீ எங்க இருக்க?"

"ரோட்டு மேல. உள்ள வர மாட்டேன். நான் வந்து கூழ் ஊத்தாதீங்கன்னு சொன்னா அது வேற மாதிரி ஆயிடும். உங்களுக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். காலை உணவைத் தொடாமல் ஓடினாள்.

பந்தலுக்குக் கீழே கூழ் அண்டாக்கள் இருந்தன. இந்த உப்பளத்தில் முன்பு மேஸ்திரியாக இருந்த செல்லப்பன் பம்பைக்காரர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கிழக்கு வரப்புப் பக்கம் மட்டும் ஜனங்கள வுடாதீங்க. அங்க முட்டை இருக்குது."

"முட்டையா? கூழுக்குக் கருவாட்டுக் கொழம்பு வெச்சாச்சும்மா. முட்டை எதுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "பறவை முட்டைண்ணா. உப்புக்கொத்தி. காலு பட்டா செத்துடும்."

செல்லப்பனின் முகம் கனிந்தது. "பட்சிக்கும் அவதாம்மா தாயி. அவ பாத்துப்பா. நீ ஏன் கலங்குற?"

"வேணும்னா வரப்ப நாங்க பெருக்கி வுடுறோம்க்கா," என்றாள் வசந்தா அன்போடு. "வலம் வரச்சொல்லோ சுத்தமா இருக்கும்."

"வேணாம்! பெருக்காதீங்க." வைஜெயந்தியின் குரல் உடைந்தது. "இது சாமியே இல்ல வசந்தா. நான் வெச்ச கல்லு. வண்டி வரக் கூடாதுன்னு நான்தான் மஞ்சள் பூசி வெச்சேன். என் கடைக்குப் பின்னால கிடந்த செங்கல்லு."

தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பம்பையும் நின்றது. பொய் சொன்னவளை ஊர் ஏசும், ஏசிவிட்டுக் கலைந்துபோகும் என்று அவள் எதிர்பார்த்தாள், அதையே விரும்பினாள்.

வசந்தாவின் கண்கள் நிறைந்தன. "நீயா வெச்ச? யாரு சொல்லி வெச்ச?"

"யாரும் சொல்லல. எனக்கே தோணுச்சு."

"தோணுச்சாம், கேட்டீங்களா! கடைல இருந்த பொம்பளைக்கு இந்த உப்பு மண்ணுல கல்லு நடத் தோணுச்சாம். தோண வெச்சவ யாரு?" வசந்தா அவள் கால்களைத் தொட்டாள். "எம் பொண்ண எழுப்பி வுட்டவ ஒன் கையாலயா வந்தா?"

செல்லப்பன் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்மா, காலைல ஏதாச்சும் சாப்ட்டியா?"

"இல்லண்ணா."

"பாத்தீங்களா? விரதத்தோட வந்திருக்கா. கரகம் இவதான் எடுக்கணும்."

இன்னும் ஒரு வழி எஞ்சியிருந்தது. கல்லைப் பிடுங்கி எறிந்துவிடலாம். இரண்டு எட்டு வைத்து அதன் முன் குனிந்தாள். கல்லுக்கு இப்போது வெள்ளியில் இரு கண்கள் பதித்திருந்தார்கள். மஞ்சளும் சந்தனமும் படிந்து படிந்து செங்கல்லின் விளிம்புகள் மழுங்கி, ஒரு முகத்தின் வளைவு வந்திருந்தது. அடியில் யாரோ பிள்ளை வரம் கேட்டுச் சிறு தொட்டில் கட்டியிருந்தார்கள். தன் கடையின் பின்புறம் கிடந்த கல் என்று அவள் அறிவு சொல்லிக்கொண்டே இருந்தது. நீட்டிய கைகளோ ஒன்றோடொன்று சேர்ந்து குவிந்தன. ஐந்து வயது முதல் பழகிய கைகள். அவற்றுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

அவள் தலையில் கரகத்தை ஏற்றினார்கள். அவள் மறுக்கவில்லை. வலம் கிழக்கு வரப்பு வழியாகத்தான்; ஆனாலும் முன்னே நடப்பவள் அதில் அடி வைக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கூட்டத்தைக் கிழக்கு வரப்பின் ஓரமாகவே நடத்திச் சென்றுவிடலாம் என்று எண்ணினாள்.

"கரகம் எடுத்தவ பேசக் கூடாது," என்றாள் வசந்தா, மாலையைச் சரிசெய்தபடி. "திரும்பியும் பாக்கக் கூடாது. நாங்க ஒம் பின்னாலதான் வருவோம்."

பம்பை முழங்கியது. அவள் நடந்தாள். ஒவ்வொரு குழியும் அவளுக்குத் தெரியும். கரகம் ஆடாமல் கண்களை மட்டும் தாழ்த்தி, ஒன்றை இடப்புறம் விட்டாள், இன்னொன்றை வலப்புறம் விட்டாள். முதல் பறவை எழுந்து, முறிந்ததுபோல் ஒரு சிறகை மண்ணில் இழுத்துத் தள்ளாடி ஓடியது. பகையைத் தன்பால் ஈர்த்துக் கூட்டிலிருந்து அகற்றுவதற்கு அது அறிந்த ஒரே சூழ்ச்சி.

"பட்சிக்கும் அருள் வந்துடுச்சுடோய்!" என்று எவனோ கூவினான். பெண்கள் குலவையிட்டார்கள். பறவை ஆடிய இடத்தை நெருங்கிப் பார்க்க, வரிசை குலைந்து வரப்பு முழுவதும் பரவிற்று. பின்னால் கேட்ட காலடிகளின் பெருக்கத்தைக் கொண்டே அவள் அதை அறிந்தாள். நில்லுங்கள் என்று சொல்லத் தலையிலிருந்த கரகம் விடவில்லை. மஞ்சள் நீரைத் தெளித்தபடி ஊர் நடந்தது. தலைக்கு மேலே பறவைகள் மெல்லிய குரலில் கூவிக்கொண்டே வட்டமிட்டன. முட்டை உடையும் ஓசை மட்டும் எவர் செவிக்கும் எட்டவில்லை.

பந்தலை அடைந்தபோது அவளுடைய முகமெல்லாம் கண்ணீர். கண்டவர்கள் கைகூப்பினார்கள்.

"இன்னும் ரெண்டு சுத்துக்கா," என்று காதருகே சொன்னாள் வசந்தா.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் வலம் வருபவளுக்குப் பின்னால் விட்டது மீண்டும் முன்னால் வந்துவிடுகிறது. கிழக்கு வரப்பில் ஏறியதும் அவள் கண்களைத் தாழ்த்தினாள். குழிகள் இருந்த இடங்களில் காலடிகள் இருந்தன. ஒரு காலடியில் மஞ்சள் நீர் தேங்கி நின்றது. அதன் ஓரத்தில் ஒரு பறவை அசையாமல் நின்று அவளைப் பார்த்தது.

நிற்க முடியவில்லை, பின்னால் ஊர் வந்துகொண்டிருந்தது. காலை எங்கே வைப்பது என்று இனித் தேட வேண்டிய தேவையும் இல்லை.