கொஞ்சம் கேஸ்தான்

மெக்கானிக் முகமது ஆசிக் வாடகை ஐஸ் பெட்டியின் கீழ்த்தகட்டைக் கழற்றி, உள்ளே கையை விட்டுப் பார்த்தான். "மோட்டார் ஓடுது, குளுரு இல்ல. கேஸ் லீக்காவுதுக்கா" என்றான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஆனந்தன் படுத்திருந்தார். ஆவடி டேங்க் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பல் துலக்கப் போன இடத்திலேயே சரிந்து உயிரை விட்டுவிட்டார். மூத்த மகள் கிருஷ்ணப்பிரியா சிங்கப்பூரிலிருந்து மறுநாள் காலைதான் வந்து சேருவாள். அதுவரை முகம் கெடக்கூடாது. அண்ணனூரில் கத்திரி வெயில் கொளுத்தியது. வேறு பெட்டி கேட்டதற்கு, எல்லாமே வெளியே போயிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

"இப்ப இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள் இளையவள் ஜெயப்பிரியா.

"மிச்சம் கீற கேஸை வெளிய வுட்டுட்டு, ஓட்டைய அடைச்சி, புதுசா ஏத்துவேன். சீக்கிரம் ஆயிடும்."

"வெளிய வுடாதீங்க. சிலிண்டர்ல புடிக்க முடியாதா?"

ஆசிக் நிமிர்ந்து பார்த்தான். "அதுக்கு மெஷின் வோணும்க்கா. அம்பத்தூர் எஸ்டேட்ல, மொதலாளி கடைல கீது. போய்ட்டு வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்."

பெரிய கட்டடங்களுக்கு எந்தக் குளிரூட்டும் இயந்திரம் வைப்பது என்று முடிவு செய்து கொடுப்பதுதான் ஜெயப்பிரியாவின் வேலை. அந்த இயந்திரத்துக்குள் எந்த வாயு ஓடவேண்டும் என்பதில்தான் அவளுக்கும் கட்டடக்காரர்களுக்கும் ஓயாத சண்டை. பழைய வாயு கசிந்து மேலே போனால், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் என்பாள். "கொஞ்சம்தானே மேடம் கசியும்" என்பார்கள். வீட்டிலும் அவள் பேச்சு எடுபட்டதில்லை. அப்பா ஏசியைப் பதினெட்டில் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்வார். அவள் இருபத்தாறுக்கு மாற்றுவாள். அவள் தலை மறைந்ததும் மறுபடி பதினெட்டு.

சித்தப்பா தசரதனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா நீ? அண்ணன் அனல்ல கெடக்கறாரு, நீ வானத்தைப் பத்திப் பேசிகினு கீறியே? தம்பி, நீ தொறந்து வுடுப்பா."

ஆசிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஜெயப்பிரியாவைப் பார்த்தான்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ராணி மெல்லக் கேட்டாள். "எவ்ளோ கேஸ்டி கீது அதுல?"

"கொஞ்சம்தாம்மா. கால் கிலோகூட இருக்காது."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது இன்னதென்று அவளுக்கு உறைத்தது.

ராணி பெட்டிக்குள் கணவர் முகத்தைப் பார்த்தாள். "உசுரோட இருந்தப்போ ஒரு நாளாவது உன் பேச்சைக் கேட்டாரா மனுஷன்? இன்னிக்காவது கேக்கட்டும். தசரதா, போய் ஐஸ் வாங்கினு வா."

ஆசிக் மெஷின் எடுத்துவர அம்பத்தூருக்குக் கிளம்பினான். தசரதன் முணுமுணுத்துக்கொண்டே போனார். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பார்களை ஆட்டோவில் ஏற்றிவந்து, சாக்கில் சுற்றி அவரே உடைத்தார். ஜெயப்பிரியா துண்டுகளைப் பைகளில் கட்டி, அப்பாவின் இரு பக்கமும், கழுத்தடியிலும் அடுக்கினாள். இறந்த பிறகு அவரை அவள் தொட்டது அப்போதுதான். விரல்கள் மரத்துப்போயின. உருகிய பைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்துக்கொண்டே இருந்தாள்.

நடுவில் கைப்பேசி அடித்தது. குத்தம்பாக்கத்தில் ஒரு மருத்துவமனை கட்டுபவர்களின் இன்ஜினியர் ஸ்ரீராம். துக்கம் விசாரித்துவிட்டுத் தயங்கினான். "ஓனர் பழைய கேஸ் மெஷினே போதும்ங்கறாரு மேடம். நீங்க ஓகேன்னு ஒரு மெசேஜ் போட்டா போதும்."

"காரியம் முடிச்சிட்டு வர்றேன். அதுவரைக்கும் ஆர்டர் போடாதீங்க."

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆசிக் மெஷினோடு வந்தான். வாயு முனகலோடு சிலிண்டருக்குள் இறங்கியது. ஓட்டையை அடைத்துப் புதிதாக ஏற்றியதும் பெட்டி சிலிர்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. தசரதன் தகட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஆசிக்குக்கு டீ வாங்கப் போனார்.

காலையில் கிருஷ்ணப்பிரியா வந்து இறங்கினாள். தங்கை அவள் தோளைப் பிடித்துப் பெட்டியருகே கூட்டிவந்தாள். கண்ணாடி முழுக்க வேர்த்திருந்தது. உள்ளே முகம் தெரியவில்லை.

ஜெயப்பிரியா துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். அக்கா குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடி மறுபடி வேர்த்தது. ஜெயப்பிரியா மறுபடி துடைத்தாள்.