வண்டியில் எழுதிய எண்

டைல்ஸ் ஒட்டும் அந்த மனிதருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சாண் நீள ரசமட்டத்தைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டுதான் அவர் எங்கும் போவார். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பிறகுதான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பார். உலகத்தில் கோணாமல் இருப்பது தாம் ஒருவர்தான் என்பது அவர் கட்சி.

கோணலுக்கு அடுத்தபடி அவர் ஏளனம் செய்தது வரி எண் இல்லாதவர்களை.

ஆண்டு வரவு ஓர் அளவைத் தாண்டினால்தான் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். இவர் வரவு அந்த அளவின் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. "யாரும் கேக்காத வரிய வலியப் போய் எதுக்குங்க வாங்கி மாட்டிக்கறீங்க?" என்று மனைவி அப்போதே கேட்டார். "நம்பர் இல்லாதவன் மேஸ்திரி. நம்பர் இருக்கறவன் கம்பெனி" என்று சொல்லிவிட்டு இவர் போய்ப் பதிவு செய்தார். கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர். இவரும், கணக்கு எழுதும் மனைவியும். வண்டியின் பக்கவாட்டில் தொலைபேசி எண்ணைவிடப் பெரிதாக வரி எண்ணை எழுதினார். அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்து நொந்துபோனவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாக நழுவின. மூன்று மாதமாக ஒரு வீட்டுக் குளியலறைகூட வரவில்லை. இப்போது விலை கேட்டிருந்த நர்ஸம்மா வீட்டு வேலையும் போனால், ஊர்ப் பெரிய கட்டடக்காரரிடம் தினக்கூலிக்குப் போய் நிற்க வேண்டியதுதான். முப்பது வயதுப் பொறியாளன் ஒருவன் "பெரியவரே, அங்க ஒட்டுங்க" என்பான்.

நர்ஸம்மா ஓய்வு பெற்றவர். அவர் கணவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. குளியலறைப் படியைத் தாண்டக் காலைத் தூக்க முடியாது. படியை எடுத்துவிட்டு, அறைத் தரையும் குளியலறைத் தரையும் ஒன்றாக இருக்கும்படி செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ரசமட்டம் எழுதிக் கொடுத்த தாளை நர்ஸம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"டைல்ஸ், சிமெண்டு ஆயிரத்து ஐந்நூறு. கூலி மூவாயிரத்து ஐந்நூறு. சரி. கடைசியில என்ன ஆயிரம்?"

"அது வாட் வரிம்மா. அஞ்சுல ஒரு பங்கு. எனக்கில்ல, அரசாங்கத்துக்கு."

"போன மாசம் ஓட்டலுக்கு வேலை செஞ்சீங்களே, அவங்க கொடுத்தாங்களா?"

"அவங்களுக்கும் நம்பர் இருக்கு, குடுத்துட்டுத் திருப்பி வாங்கிப்பாங்க."

"எனக்கு யாரு திருப்பித் தருவா?"

மாட்டிக்கொண்ட இடத்தில் ரசமட்டம் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். மேசையில் கருவியை வைத்து, "உங்க மேசை சாஞ்சிருக்கு" என்றார்.

வேலை அவருடைய சகலைக்குப் போயிற்று. சகலை பெயின்டர். வரி எண் கிடையாது. டைல்ஸும் ஒட்டுவேன் என்று சமீபத்தில்தான் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"எவ்ளோ சொன்னான் அந்தச் சுண்ணாம்பு?"

"ஐயாயிரத்து முந்நூறு" என்றார் மனைவி. தங்கையிடம் விசாரித்துவிட்டார். "கூலி உங்க கூலியேதான். அவரு கடையில டைல்ஸுக்கு வரியோட ஆயிரத்து எண்ணூறு கட்டறாரு, அதைத் திருப்பிக் கேக்க முடியாது. நீங்க கட்டற முந்நூறு உங்களுக்கு வந்துடும். ஆனா நர்ஸம்மாகிட்ட ஆயிரம் வாங்கி, முந்நூறைக் கழிச்சுக்கிட்டு, மீதி எழுநூறை அரசாங்கத்துக்குக் கட்டறீங்க. ஆறாயிரத்துக்கும் ஐயாயிரத்து முந்நூறுக்கும் என்ன வித்தியாசம்?"

"எழுநூறு."

"அதான் உங்க நம்பரோட விலை. ஓட்டலுக்கு அது கைமாத்து மாதிரி, திரும்பி வந்துடும். வீட்டுக்காரங்ககிட்ட வந்ததும் அந்த வரி நின்னுடுது. அவங்க தலையிலயே உக்காந்துடுது."

"என் வேலைய அந்தப் பிரஷ்காரனோட ஒப்பிடறாங்கல்ல, அவங்களுக்கு நல்லா வேணும்" என்று ரசமட்டம் எழுந்து போனார். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டதை வாசலுக்குப் போன பிறகுதான் கவனித்தார். கோபித்துக்கொண்டு போனவர் உடனே திரும்பி வந்து சாப்பிட முடியாது. பசியோடு வண்டியைத் துடைத்தார்.

பத்தாம் நாள் சகலை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் வந்து பாருங்கண்ணே. தண்ணி போக மாட்டேங்குது."

போய்ப் பார்த்தார். நர்ஸம்மா முழந்தாளிட்டுத் துண்டால் தண்ணீரை ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். படுக்கையறை வரை ஈரம். ரசமட்டம் தம் கருவியைத் தரையில் வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. திருப்பி வைத்தார். நட்ட நடு. நான்கு மூலையிலும் நட்ட நடு.

"உங்கள மாதிரியே ஒண்ணு வாங்கினேண்ணே" என்றார் சகலை பெருமையாக. "ஒரு நூல்கூடப் பிசகல, பாத்தீங்களா?"

"அடேய் மகானுபாவா. குளிக்கற தரைய எவனாச்சும் மட்டமா போடுவானா? துளைப் பக்கம் சாயற மாதிரி வாட்டம் வேணாமா? தண்ணி எந்தப் பக்கம் போகணும்னு அதுவா சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பாக்குமா?"

இருபத்தைந்து வருட ஏளனத்தில் இத்தனை இனிப்பான நாள் அவருக்கு வாய்த்ததில்லை.

"தரைய மட்டும் நீங்க பண்ணிக் குடுத்துடுங்கண்ணே. எவ்ளோன்னு சொல்லுங்க, பில்லே போடுங்க."

"கூலி ஆயிரம். வரி இருநூறு."

"அந்த இருநூற நான் யார்கிட்ட வாங்கறது?"

"யார்கிட்டயும் வாங்க முடியாது. நீ நம்பர் இல்லாதவன்."

அறை மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் நர்ஸம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். நனைந்த பாதங்களுக்கு அடியில் செய்தித்தாள். நாக்கு குழற, மெதுவாகக் கேட்டார்:

"தம்பி... நாளைக்குக் குளிச்சுடலாமா?"

ரசமட்டம் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"நாளைக்கு முடியாதுய்யா. மூணாம் நாள்" என்றார். பிறகு சகலையிடம் திரும்பி, "நீ போய் டைல்ஸ் வாங்கிட்டு வா. என் கண்ணு முன்னால நிக்காத."

இரண்டு நாள் தரையைப் பெயர்த்து, வாட்டம் கொடுத்து, ஒட்டினார். மூன்றாம் நாள் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். அது தயங்காமல் சாக்கடைத் துளைக்கு நடந்து போயிற்று.

"பில்லு?" என்றார் சகலை பயந்தபடி.

"கூலி பூஜ்யம். வரி பூஜ்யம். பூஜ்யத்துல அஞ்சுல ஒரு பங்கு எடுக்க அவங்களுக்கு இன்னும் வழி தெரியல. தெரிஞ்சதும் சொல்லி அனுப்பறேன்."

கிளம்பும்போது நர்ஸம்மா சமையலறையைக் காட்டினார். "இதையும் நீங்களே செஞ்சு குடுங்க. ஆனா அந்தக் கடைசி ஆயிரம் இல்லாம ஒரு தாள் எழுதுங்க. இருந்தா என்னால முடியாது."

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது, யாரையோ கேட்பதுபோலக் கேட்டார்: "அந்தப் பதிவ ரத்து பண்ணணும்னா என்ன செய்யணுமாம்?"

மனைவி அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு மாதத்துக்கு முன்பே நிரப்பி வைத்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. சமையலறை வேலையை ரத்து வந்த பிறகு ஆரம்பிப்பதாக நர்ஸம்மாவிடமும், இவர் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே போனில் சொல்லிவிட்டாராம்.

ரத்துக் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை சகலை பெயின்டோடு வந்தார். வண்டியிலிருந்த எண்ணின் மேல் வெள்ளையடித்து, அதே இடத்தில் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதினார்.

ரசமட்டம் கருவியை எடுத்து எழுத்தின் அடியில் வைத்துப் பார்த்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

"குடுக்க வேண்டிய எடத்துல வாட்டம் குடுக்க மாட்ட. வேணாங்கற எடத்துல குடுத்திருக்க பாரு" என்றார்.

"அழிச்சுட்டு எழுதட்டுமாண்ணே?"

"விடு. உள்ள வா, சாப்பிடலாம். கால மட்டும் தொடச்சுட்டு வா."